ஏறுவதற்குக் காசில்லை

கடல்பேருந்தில் பன்னிரண்டு நிமிடம்.
பிறகு இருநூற்று முப்பத்தாறாம் எண் பஸ்.
கடைசி நிறுத்தத்தில் சாலை முடிந்து
அப்படியே மலையாக எழுந்துகொண்டது.

வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை ஓவர்டைம்.
கரூரிலிருந்து இருபது நாள் விடுப்பில் வந்திருக்கும்
நாத்தனார் வசுமதிக்கு
மலை காட்டும் வேலை எனக்கு.
வான்கூவருக்கு யார் வந்தாலும் இதைத்தான் காட்டுகிறோம்.
ஆறு வருடத்தில் ஏழு பேர்.
ஏழு முறையும் அடிவாரத்தில் நிறுத்திப் படம் எடுத்து,
கேபிள் கார் கட்டணப் பலகையைப் படித்து,
காபி குடித்துத் திரும்பியிருக்கிறேன்.

"நடந்து ஏறினா எவ்வளவு?"
"ஏறக் காசில்லை அண்ணி. இறங்கத்தான் டிக்கெட்.
இந்தப் பாதையில் நடந்து இறங்க விடமாட்டாங்க."
"நல்ல வியாபாரம்" என்றவர்
சேலையை இழுத்துச் செருகினார்.
காலில் என் பழைய ஷூ,
அரை அளவு பெரிது, நுனியில் செய்தித்தாள்.

மின்வாரியத்தில் கணக்கீட்டாளர் அவர்.
இருபத்தாறு வருடம்
நாய் இருக்கும் வீடு, பூட்டிய வீடு,
லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி.
படிகளை அண்ணாந்து பார்த்தும் முகம் மாறாத ஒரே ஆள்
அன்றைக்கு அவர்தான்.

கால்வாசியில் ஒரு பலகை:
இதுவரை சுலபம், முடியாதவர்கள் திரும்பிவிடுங்கள்.
தமிழில் சொன்னேன்,
கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.
"அது அவங்களுக்குப் போட்டது."

பாதியில் என் மூச்சு எனக்கே வெட்கமாகக் கேட்டது.
ஈர வேர்கள், சேறு,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
அலுமினியத் தாளைப் பிரித்து எலுமிச்சைச் சோறு தின்றோம்.
பதினெட்டு நாளாக என் சமையலில்
உப்பைப் பற்றி மட்டுமே பேசியவர்
ஒன்றும் சொல்லவில்லை.
நிஜமாகவே அன்றைக்குத்தான் உப்பு அதிகம்.

முக்கால்வாசியில் உட்கார்ந்துவிட்டேன்.
கை கொடுப்பார் என்று நினைத்தேன்.
இரண்டு படி மேலே நின்று
என் பையை மட்டும் வாங்கிக்கொண்டு
"ரெண்டாயிரத்து நூத்திப் பதினொண்ணு" என்றார்.
எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

உச்சியில் எழுதியிருந்த எண்ணுக்கும் அவருடையதற்கும்
பதினேழு இடித்தது.
"ரீடிங் தப்பா எடுத்திருக்காங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கரடிகள்
எங்களைப் பார்க்காமல் புல்லைக் கிளறின.
ஆறரைக்கு நகரம் விளக்கேற்றிக்கொண்டது,
பாலங்கள் முதலில், துறைமுகம்,
அப்புறம் எல்லாம் ஒரேயடியாக.
எல்லோரும் போனை உயர்த்தினார்கள்.
அவர் கம்பியைப் பிடித்தபடி
உதட்டுக்குள் யூனிட் கூட்டிக்கொண்டிருந்தார்.
"இதுல நம்ம வீடு எது கண்ணு?"

பர்னபி பக்கம் கை நீட்டினேன்.
விரல் ஓரிடத்தில் நிற்கவில்லை.
"தெரியாது அண்ணி. நாம இருக்கிறது தரைக்குக் கீழே."

பேஸ்மென்ட் என்ற சொல்லைப்
பதினெட்டு நாளாக யாரும் சொல்லவில்லை.
கரூருக்குப் போனில்
அது கீழ் போர்ஷன்.

கொஞ்ச நேரம் காற்றுதான்.
பிறகு,
"வந்த அன்னிக்கே பார்த்துட்டேன்,
பக்கத்துச் சுவத்துல, குப்பைத்தொட்டிக்கு மேல.
மேல் வீட்டுக்கும் நமக்கும் ஒரே மீட்டர்.
பில்லுல பாதி குடுக்கறீங்களா?"
"ஆமா."
"அவங்களுக்கு ஹீட்டர், துணி காயவைக்கிற மெஷின்,
கார் வேற சார்ஜ் ஏத்தறாங்க.
நமக்கு மூணு லைட்டு, ஒரு அடுப்பு.
பாதி எப்படி வரும்?"

கேபிள் காரில் கூட்டத்தோடு நின்று இறங்கினோம்.
டிக்கெட் விலையை அவர் ரூபாயாக்கிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஷூவைக் கழற்றி
நுனியிலிருந்த செய்தித்தாளை மடியில் நீவி வைத்து
அதன் ஓரத்தில் வகுக்கத் தொடங்கினார்.
ஈரத்தில் மை ஊறி
மூன்று எட்டாகத் தெரிந்தது.
"லைட்டைப் போடச் சொல்லு கண்ணு" என்றார்.