நிபந்தனை ஏழு

மேற்குச் சன்னலைப் புயல் கொண்டுபோய்
ஐந்து வருடம்.
இப்போது அங்கே பிளைவுட்.
கம்பெனிப் பெயர் தலைகீழாக.

கோப்பில் எல்லாம் இருந்தது:
சேகரக் கமிட்டித் தீர்மானம்,
பேராயத்தின் தடையில்லாச் சான்று,
நான்கு பிரதி வரைபடம்.
பழைய சன்னலின் புகைப்படம் மட்டும் இல்லை.
கல்யாண ஆல்பம் கேட்டு வேப்பேரி முழுக்க ஏறி இறங்கினேன்.
படம் எடுத்தவர்கள் எல்லோரும்
அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டியே
நின்றிருக்கிறார்கள்.

பியூலா எமரால்ட் வரைந்த புதுச் சன்னலில்
புனிதர் யாரும் இல்லை.
கீழே சேற்று நிறம்,
அந்த டிசம்பரில் எங்கள் தெருவில்
தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு,
அதற்கு மேல் முழுக்க நீலம்.
"ஒரு ஆட்டுக்குட்டியாவது போடும்மா"
என்றார் பொருளாளர் மெஷாக்.
பணம் தந்தவருக்கு
அப்பா பெயர் வேண்டும், அரையடி எழுத்தில்.

எழும்பூர் அலுவலகத்தில் முதல் முறை
வண்ண நகல் இல்லை என்று திருப்பினார்கள்.
இரண்டாம் முறை
நிறம் என்ற கட்டத்தில் நான் எழுதிய 'நீலம்' பக்கத்தில்
சிவப்பு மையில்: எந்த நீலம்?
பியூலாவிடம் கேட்டேன்.
"எத்தனை மணிக்குன்னு கேளுங்க" என்றாள்.
அதைக் கட்டத்தில் எழுத முடியாது.

ஆய்வுக்கு வந்தவர் பெயர் கோமளவல்லி.
செருப்பைக் கழற்றணுமா என்று கேட்டு,
பதில் வருமுன் கழற்றினார்.
டேப்பில் எட்டடி நாலங்குலம்.
சுண்ணாம்புச் சுவரை விரல் கணுவால் தட்டி
காதை வைத்தார்.
நாலரை இருக்கும்.
பிளைவுட்டில் ஆணி கழன்ற ஓட்டை வழியே
ஒரு ரூபாய் அளவு வெயில் உள்ளே வந்து
காலராவில் போன ஒரு வெள்ளைக்காரப் பையனின் கல்லில்
வயது வெட்டிய இடத்தில் நின்றது.
"தினமும் வருமா இது?"
"மழை இல்லாட்டி வரும் மேடம்."
அவர் அதை எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆணை வந்தது, பதினொரு நிபந்தனைகளோடு.
ஏழாவது:
பொருத்தப்படும் கண்ணாடி எக்காலத்திலும்
மூலச் சுவருக்குச் சேதமின்றிக்
கழற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

மெஷாக் அண்ணனுக்குச் சந்தோஷம்.
"பிடிக்கலைன்னா கழட்டிடலாம், பாத்தியா."
நான் பஸ்ஸில் அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டு வந்தேன்.
கர்னல்களைப் பித்தளையில் செதுக்கி
இதே சுவரில் அறைந்தபோது
யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.
என்னிடம் கேட்டிருக்கிறார்கள்,
புரசைவாக்கத்தில், முன்பணம் வாங்கும்போது:
ஆணி அடிக்கக் கூடாது,
காலி பண்ணும்போது
வீடு வந்த மாதிரியே இருக்கணும்.

இப்போது நீலம் வந்துவிட்டது.
நாலரைக்குக் கடைசி பெஞ்சில் ஏறும்.
பாட்டுப் புத்தகங்கள், மின்விசிறி இறக்கை,
காணிக்கை எண்ணும் மெஷாக் அண்ணனின் வழுக்கை.
அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.
ஆறேகாலுக்கு
சுவரில் ஒரு கீறல் விழாமல்
தானாகக் கழன்றுகொள்கிறது.