எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு படம்

என் டோக்கன் நூற்றுப் பதினெட்டு.
சிவப்பு எழுத்தில் இன்னும் எழுபத்திநாலுதான் ஓடுகிறது.
வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பஸ் மாறி வந்தவள்
சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒருத்தி. பீடிக்காரி.
மடியில் முறம்,
இடது கையில் சுற்றி முடித்தவை ஒரு கொத்து,
தலை குனிந்திருக்கிறது.
பின்னால் எங்கள் பக்கத்து மலை,
வெயில் தின்று மிச்சம் வைத்த நிறத்தில்.

பக்கத்து நாற்காலியில் கல்கத்தாக்காரர்.
மனைவியின் ரிப்போர்ட்டால் விசிறிக்கொண்டே
படத்தைக் காட்டி
தன் கன்னத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.
அழுகிறாளாம்.
அந்தம்மா இல்லை என்று தலையாட்டி
கைகூப்பிக் கண்ணை மூடிக் காட்டினாள்.
ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியிருந்த பையன்
"பொறுமை, ஆண்ட்டி" என்றான்,
யாரும் கேட்காமலே.

எனக்குச் சிரிப்பு முட்டியது.
சிரித்தால் இருமல் வரும். அடக்கிக்கொண்டேன்.

எண்ணிக்கினு இருக்காய்யா அவ.
இருபத்திரண்டு, இருபத்திமூன்று.
இருபத்தைந்தானால் ஒரு கட்டு.
நடுவில் யாராவது கூப்பிட்டால்
மறுபடி ஒன்றிலிருந்து.
வாயை அப்படி இறுக்கி வைத்திருப்பது அதற்குத்தான்.

வரைந்தவருக்குத் தொழில் தெரியாது.
இலைக்கு வாழைப் பச்சை பூசியிருக்கிறார்.
நூல்கண்டைக் காணோம்,
எதை வைத்துக் கட்டுவாள்?
கழுத்துக்கு மட்டும் தங்க வெளிச்சம்,
அந்தக் கழுத்து ராத்திரி என்ன வலி வலிக்கும்!

ஆனால் கீழே பார்த்தேன்.
சேலை ஓரத்தில் கால் பெருவிரல்
உள்பக்கம் மடங்கியிருக்கிறது.
மரத்துப்போன காலை
முறம் அசையாமல் எழுப்புகிறாள்.
இதை யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.
எதிரில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார் மனுஷர்,
தன் காலும் மரத்துப்போகிற வரைக்கும்.
இலையின் நிறத்தை மன்னித்தேன்.

"தேசம்மா, பேரணாம்பட்டு!"

உள்ளே குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டிவைத்து
"மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்றான் கண்ணாடிக்குப் பின்னால்.
எனக்கும் ஒரு படம்.
முப்பது வருஷத் தூள் அதில்
என்ன நிறமாய் விழுமோ.
டாக்டர் அதைப் பார்த்து
என்ன முகம் வைப்பாரோ.

வாயை இறுக்கி எண்ணினேன்.
ஒன்பதில் "விடுங்க" என்றான்.
மீதிப் பதினாறையும் எண்ணி முடித்துத்தான்
இறங்கி வந்தேன்.