விளக்கு மேசை

ஈராண்டுக்கு ஒருமுறை
மீன் ஆலைக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்துவோம்.
போட்ஸ்ஃபியூர் துறைமுகத்தில்
மின்சாரம் இழுக்க வேறு இடமில்லை.
ஜனவரிக் கடைசி. பத்து மணிக்கு
விடிவதுபோல் ஏதோ ஆரம்பித்து
இரண்டு மணிக்குள் மனம் மாறிவிடும்.

பட்டியலில் உள்ள பெண்களுக்கெல்லாம்
கடிதம் போயிருக்கும்.
வலி இருப்பவர்களுக்கு அல்ல,
இல்லாதவர்களுக்கு.
ஒவ்வொரு ஊரிலும் இதை
முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

ஒட்னி ஆலையின் ரப்பர் பூட்ஸோடு ஏறினாள்.
தட்டு கொஞ்சம் குளிரும் என்றேன்.
"என் மீனைவிடவா?"
மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். நான்கு படம்.
சட்டையை மாட்டிக்கொண்டே
எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்:
"ஏதாவது தெரிகிறதா?"

பத்தொன்பது வருஷமாக என்னிடம் ஒரே பதில்.
படம் எடுப்பவள் நான்.
படிப்பவர்கள் ட்ரோம்ஸோவில் இருக்கிறார்கள்.
(கண் பார்க்காமலா இருக்கும்.
வாய்க்குத்தான் அனுமதி இல்லை.)

சிரித்தாள்.
"நானும் அதே வேலைதான்.
கீழே வெள்ளை விளக்கு, மேலே கண்ணாடி,
அதன்மேல் காட் மீன் துண்டு.
நிழல் தெரிந்தால் தனித் தொட்டியில் போடுவேன்.
புழுவா, ரத்தக் கட்டா, வெறுமனே மடிந்த சதையா,
கத்தி வைத்திருப்பவள் சொல்வாள்.
நான் நிற்கும் இடத்தில்
நிழலுக்குப் பெயர் கிடையாது."

எங்கள் கையேடு இதைச் சொல்லத்தான்
பதினோரு பக்கம் திணறுகிறது.

அவளுக்கு இரண்டாம் கடிதம் போனது:
கூடுதல் பரிசோதனைக்கு வரவும்.

மறுமுறை பஸ் வந்தபோது
பூட்ஸ் அதே பூட்ஸ்.
"சுண்ணாம்புத் துகளாம். உப்புக்கல் அளவு.
ஊசியால் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள்.
சந்தோஷம்தான்.
ஆனால் பதினேழு நாள்
நான் அந்தத் தொட்டியில் கிடந்தேன்.
புயலில் விமானம் இரண்டு தடவை ரத்து.
மகனிடம் சொல்லவில்லை.
படகின் பத்திரங்களை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.
இன்னும் அங்கேயே இருக்கின்றன."

பிறகு, பூட்ஸைக் கழற்றியபடி,
"குன்வோர் வரமாட்டாள்" என்றாள்.

குன்வோருக்குப் போனது நல்ல கடிதம்.
சந்தேகத்துக்குரியதாக எதுவும் காணப்படவில்லை.
அதைக் குளிர்சாதனப் பெட்டியில்
காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள்.
ஒரு வருஷம் கழித்துக் குளிக்கும்போது
கையில் தட்டுப்பட்டதை
கடிதத்தைப் பார்த்துப் பார்த்து
மூன்று மாதம் நம்பாமலே இருந்தாள்.

காணப்படவில்லை என்றுதான் எழுதியிருந்தது.
இல்லை என்று அல்ல.
இரண்டுக்கும் நடுவே
ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது.

அப்புறமும் ஏன் வந்தாய் என்று
ஒட்னியிடம் நான் கேட்கவில்லை.
அவளே தட்டின்மேல் சரியான இடத்தில் நின்றாள்,
தோளைத் தளர்த்தி,
சொல்வதற்கு முன்பே மூச்சைப் பிடித்து.

நான்கு படம்.
சட்டையை மாட்டினாள்.
இந்த முறை எதுவும் தெரிகிறதா என்று கேட்கவில்லை.
ஆலைச் சங்கு ஊதியது.
நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.