நனையாத பெட்டி

பதினான்காம் நம்பர் ட்ராம்
கடைசி மூச்சு விடும் பிராட்டெல்னிலிருந்து
ஏழு நிமிட நடை.
இரவு பத்துக்கு உடுப்பு மாற்றி,
கைக்கு இரண்டு கையுறை போட்டு
உலர்பனி அள்ளத் தொடங்குவேன்.
அரிசிமணி அளவில் ஒரு ரகம்,
விரல்மொத்தத்தில் இன்னொன்று.
குளிர் இரண்டுக்கும் ஒன்றுதான்:
பூச்சியத்துக்குக் கீழே எழுபத்தெட்டு.

முதல் நாளே ரேத்தோ சொன்னது:
குளிரறையில் குனிந்து சப்பாத்து நாடா கட்டாதே.
இந்த வாயு காற்றைவிடப் பாரம்,
தரையோடு படுத்துக் கிடக்கும்.
நிமிர்ந்து நிற்பவருக்குத்தான் மூச்சு.
மறுநாளே போய்
நாடா இல்லாத சப்பாத்து வாங்கினேன்.

பெட்டிக்குள் தடுப்பூசிக் குப்பிகள்,
யாரோ ஒருவரின் உடலில் வெட்டிய சிறு துண்டு,
ஒருமுறை ஒரு கலியாணத்துக்கான மீன்.
எதுவானாலும் மேலே பத்துக் கிலோ வெள்ளை.
லுகானோவில் திறக்கும்போது
எட்டே கால்.
பெட்டி நனையவில்லை, அட்டை ஊறவில்லை.
படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு,
'காற்றில் போனது' என்று.
ஒன்றே முக்கால், எழுதிக் கையெழுத்திடுவேன்.

பதங்கமாதல்.
ஒன்பதாம் வகுப்பில்
கற்பூரம் என்று உதாரணம் எழுதி
இரண்டு புள்ளி வாங்கிய சொல்.
திண்மம் நேரே வாயுவாவது,
நடுவில் நீராகி நிற்காமல்,
ஒருவர் காலையும் ஈரமாக்காமல்.

ஃபித்தோரே அப்படித்தான் போனாள்.
நான்கு வருடம் எதிர்த் தராசில் நின்றவள்.
கொசோவோக்காரி,
என் சாப்பாட்டுப் பெட்டியின் தேசிக்காய் ஊறுகாயை
பாணில் பூசித் தின்று
கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கேட்பவள்.
ஒரு திங்கட்கிழமை
அவள் அலுமாரி திறந்தே கிடந்தது.
உள்ளே ஒரு கொழுவி, இடக்கைக் கையுறை ஒன்று.
கேக் வெட்டவில்லை, வாழ்த்தட்டை சுற்றி வரவில்லை.
புதிய உறைவிடம் தெரியாது என்றது அலுவலகம்.
உறைவதற்குத்தானே இடம் வேண்டும்,
ஆவியாவதற்கு எதற்கு?

ஒரு சொட்டு விட்டாளா பார், என்றேன்
ரேத்தோவிடம், என் அரைகுறை ஜெர்மனில்.
சொட்டு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.
கண்ணிலிருந்து கன்னம் வரை
விரலால் கோடு போட்டுக் காட்டினேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல்
கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனான்.
மூன்று மாடி உயரத்துக்கு வெள்ளைத் தாங்கி.
இதற்குள் என்ன?
நீ அள்ளும் அதே சரக்குத்தான், என்றான்,
ஆனால் திரவம்.
அழுத்தமானியின் முள் இருபதில் நின்று
மெல்ல நடுங்கியது.
இறுக்கிப் பிடித்தால் இதுவும் நீர்தான்.
திறந்துவிட்ட பிறகுதான் பனி.

நவம்பரில் ஓர் இரவு
உடைமாற்றும் அறையில்
கைபேசியை நெஞ்சோடு அழுத்தி
சுவரைப் பார்த்து நின்றாள் அவள்.
குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்,
முழு வேகத்தில்.

தண்ணீர் வீணாகிறதே என்று
நான்தான் போய் மூடினேன்.

விடிய ஆறரை.
தரிப்பிடக் கண்ணாடியில்
இரவின் ஈரமெல்லாம்
நீராகாமலே நேராகப் பூத்திருந்தது,
பன்னத்தின் கீற்றுப் போல, கோழிச்சிறகு போல.
இதற்கும் அதே சொல்தான்,
எதிர்த்திசையில்.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
ஒரு கை அளவுக்கு உருகி
மணிக்கட்டு வழியே
சட்டைக்குள் இறங்கியது.
ட்ராம் வந்து, கதவு திறந்து,
மூடிப் போயிற்று.