இரண்டு புட்டி, ஐந்து சபை

போன மாதம் ஒடுகத்தூரில்
ரசத்தை வாயில் வாங்கிய கிருபாவதி
ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில்
முகத்தைச் சுளித்து
"காடியா ஆயரம்மா?" என்றாள்.
கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது.
சிலுவையில் நீட்டிய அதே காடி.
வேதம் தெரிந்த சபை,
சிரிக்காமல் என்ன செய்யும்.

திராட்சையைக் குற்றம் சொல்ல முடியாது.
ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில்
வேலூர் வெயிலோடு அடைபட்டு
ஊசூர், அணைக்கட்டு என்று சுற்றி வந்தால்
நானே புளித்துத்தான் போவேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து.
லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில்.
குளிர்ப்பை என்றால் இங்கே இன்சுலின் என்று பொருள்:
உள்ளங்கை நீளம், நீலம், ஒரு ஜிப்.
புட்டியின் கழுத்துக்கே காணாது.
அடுத்தது பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பை,
யானைப் படம் போட்டது.
யானை எனக்குப் பிடித்திருந்தது.
பிரியாணி கொண்டுபோகிற பையிலோ
ஒரு பிள்ளையையே தூக்கிப் போகலாம்;
புட்டிகள் உள்ளே உருண்டு
வழியெல்லாம் தாளம் போடும்.

"எவ்ளோ நேரம் குளிர்ச்சி நிக்கணும்?"
ஷர்புத்தீன் பாய் கேட்டார்.
"மூணு ஆராதனை நேரம்."
என் வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்தார்.
என்ன மருந்து என்று கேட்க வந்தவர்
கேட்கவில்லை.
உள்ளே போய்
இரண்டு ரூஹ் அஃப்சா புட்டியோடு வந்தார்.
"அளவு இதானே?"
இதேதான்.

பரணிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டினார்.
ராணிப்பேட்டையில் தைத்து
கப்பல் ஏறாமல் திரும்பிய சரக்கு.
கைப்பிடித் தையல் ஒரு நூல் கோணல்,
அதனால் பாரிஸுக்கு ஆகாதாம்.
ஒடுகத்தூருக்கு ஆகும்.
உள்ளே வெள்ளித்தாள், நடுவே தடுப்பு.
சிவப்பு சர்பத் இரண்டும்
முதல் நாள் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி
அசையாமல் நின்றன.

எழுநூறு என்றார். நான் ஐந்நூறு.
சாமி காரியம் என்று நான் சொல்லவில்லை,
அவரே முனகிக்கொண்டு
ஐந்நூற்றைம்பதில் நின்றார்.
ஐஸ் பொட்டலம் சும்மா.

நேற்று மறுபடியும் ஒடுகத்தூர்.
அந்தச் சாலையில் நிழல் என்பது
என் ஹெல்மெட் மட்டும்தான்.
பீடத்துக் கிராதியில் மண்டியிட்டிருந்தாள் கிருபாவதி.
கிண்ணம் உதட்டைத் தொட்டதும்
தோள் சற்று நிமிர்ந்தது.
விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள்.
குருப்பட்டம் வாங்கிய அன்றுகூட
என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

ஆமென், என்றாள்.
எழுந்தவள், முந்தானையால் வாயை மூடி
எனக்கு மட்டும் கேட்க,

"பல்லு கூசுது ஆயரம்மா."