வழுக்குகிற சக்கரத்துக்கு

போன பருவத்தில், பாலிக் புலாவ் மலைச்சரிவில்,
முந்நூறு கிலோ டுரியானோடு
வேன் நின்றுவிட்டது.
வலது பின்சக்கரம் சேற்றில் வெறிபிடித்துச் சுற்றி
சேற்றை அள்ளி என் முகத்திலேயே அடித்தது.
இடது பின்சக்கரம் பாறைமேல்
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது.
முன்னாலும் அதே கதை, இடம் வலம் மாறி.

"நாலு சக்கரமும் இழுக்கும் என்றுதானே விற்றான்?"
ஜெலுத்தோங் பட்டறையில் பரிபூரணன் சிரிக்கவில்லை.
பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி
ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினான்.
மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது.
"டிஃபரன்ஷியல் இப்படித்தான் அக்கா.
எது சும்மா சுற்றுமோ அதுக்கே எல்லாம் போகும்.
பிடிமானம் உள்ளது பார்த்துக்கிட்டிருக்கும்."

எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.
அப்பாவின் சேமநிதிப் பணம்
தம்பியின் கார் கழுவும் கடைக்குப் போனது,
பிறகு கைப்பேசிக் கடைக்கு,
பிறகு ஈப்போவில் ஏதோ ஒன்றுக்கு.
நான் பாறைமேல் இருந்தேன்.
சரி, அதை விடுங்கள்.

டிஃப் லாக் ஆஸ்திரேலியாவிலிருந்து வர மூன்று வாரம்.
நாலாயிரத்து இருநூறு வெள்ளி, கூலி சேராமல்.
பெட்டியைத் திறந்தால் உள்ளே பல் இருபத்தெட்டு.
என் அச்சுத்தண்டுக்கு முப்பத்தொன்று வேண்டும்.
பரிபூரணன் மூன்று தடவை எண்ணினான்,
நான் இரண்டு தடவை.
எதிர்க்கடை டயர்க்காரர் சூன் கியாட்
கோப்பி ஓ பையை விரலில் தொங்கவிட்டபடி வந்து
மலாயில் ஒருமுறை எண்ணினார்.
இருபத்தெட்டுதான்.
மறுபடி மூன்று வாரம்.

வேலை தொடங்கியபின் தினமும் போய் நின்றேன்.
கிரௌன் வீலின் பற்களில் மஞ்சள் சாயம் பூசிச் சுற்றுவான்.
டார்ச் அடித்து
சாயம் அழிந்த இடத்தை வாசிப்பான்.
பல்லின் நுனியில் அழிந்தால் ஒரு குற்றம்,
அடியில் அழிந்தால் வேறு குற்றம்.
நடுவில், வேர்க்கடலை அளவுக்கு அழிய வேண்டும்.
அதற்காக மயிரிழைத் தகடுகளை
வைத்தும் எடுத்தும் ஒன்பது தடவை பிரித்தான்.
"வண்டி ஊளையிட்டா என் பேர் போயிடும்."
அன்று முழுக்க நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

பிறகு அச்சின் ஓட்டில் ஒரு துளை,
அதிலிருந்து நீலக் காற்றுக்குழாய்,
இருக்கைக்கடியில் தேங்காய் அளவில் ஒரு கம்ப்ரசர்.
சிகரெட் லைட்டர் இருந்த ஓட்டையில்
சிவப்புப் பொத்தான்.
அழுத்தினால் காற்று போய் உள்ளே பூட்டு விழும்.
இரண்டு சக்கரத்துக்கும் ஒரே பேச்சு.

"தார்ச்சாலையில் அழுத்தாதீங்க.
வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போகணும்.
பூட்டினா விடாது."
முதல் நாளே மறந்தேன்.
பாயான் லெப்பாஸ் பெட்ரோல் நிலையத் திருப்பத்தில்
டயர் கிறீச்சிட்டு வேன் நொண்டிக் குதித்தது.
மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன்
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான்.
தனித்தனியாகச் சுற்றவும் வேண்டியிருக்கிறது.
அதையும் அவன் சொல்லித்தான் இருந்தான்.

இந்தப் பருவம் மழையே இல்லை.
சரிவு செங்கல்லாய்க் காய்ந்து கிடக்க,
தோட்டக்கார ருஸ்டாம்
தன் காப்சாயிலேயே கூடை கூடையாய் இறக்கிவிட்டான்.
பழம் சிறுத்து, விலை ஏறி.
பொத்தானில் இன்னும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது.

நேற்று தம்பி கூப்பிட்டான்.
வேன் ஒரு வாரத்துக்கு வேண்டுமாம்,
சாமான் ஏற்ற.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ராத்திரி, அடுக்குமாடிக்குக் கீழே,
எஞ்சினைத் தட்டி, உறையைக் கிழித்து
பொத்தானை அழுத்தினேன்.
கம்ப்ரசர் முனகி, நிறைந்து, ஓய்ந்தது.
பூட்டு விழவில்லை.
நின்ற இடத்தில் விழாது என்றிருந்தான்,
பல்லோடு பல் சேர
கொஞ்சம் உருள வேண்டும்.

ஓரடி உருட்டினேன்.

டக்.