மாடல் வராத புதன்

பாகாவ் பழைய தபால் நிலையத்தில்
'ஸெத்தெம்' என்று எழுதியிருக்கும் ஜன்னல் வழியேதான்
இப்போது வகுப்புக் கட்டணம் வாங்குகிறோம்.
மாதம் நாற்பது வெள்ளி.
பாக்கி வைத்தவர்களின் பெயர்களைச்
சுண்ணக்கட்டியால் எழுதிப் போடுவான் குணாளன்.
அடுத்த வகுப்புக்கு முன்
அவனே அழித்தும் விடுவான்.

பகலில் அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான்,
இரவில் பின்னறையில் உறுமி சொல்லித்தருகிறான்.
நான் பகலில் அச்சகத்தில்
இறந்தவர்களின் படங்களைத் திருத்துகிறேன்,
பதாகைக்காக.
"லேசா சிரிச்ச மாதிரி பண்ணுங்க.
கண்ணுக்குக் கீழ உள்ள கறுப்பை எடுத்துடுங்க."
எடுப்பேன்.
ஒரு முகத்துக்குப் பதினைந்து நிமிடம்.

புதன் இரவு எட்டு மணிக்கு முன்னறையில்
கண்ணுக்குக் கீழே கறுப்பு எப்படி விழுகிறது என்று
கரித்துண்டால் காட்டித்தருகிறேன்.

நடுவில் பலகைச் சுவர்.
உறுமி தொடங்கினால் மேசை நடுங்கும்,
மேசை நடுங்கினால் கோடு நடுங்கும்.
முதல் வருடம் சண்டை போட்டோம்.
பிறகு ஓர் உடன்படிக்கை:
அவன் பத்து நிமிடம் அடிப்பான்,
அதுவரை நாங்கள் பென்சில் சீவுவோம்.
எங்களைவிடக் கூரான பென்சில்
நெகிரி செம்பிலானில் யாரிடமும் இல்லை.

ரொஹானாவின் பாத்தேக் வகுப்பு சனிக்கிழமை.
நான் உதிர்த்த கரித்தூளை அவள் துடைப்பாள்,
அவள் சிந்திய மெழுகுப் பொட்டுகளை
நான் தகட்டால் சுரண்டுவேன்.
நேரில் பார்த்துக்கொண்டது மூன்றே முறை.

அந்தப் புதன் மாடல் வரவில்லை.
பஸ் ஓட்டும் பவானந்தன்.
அசையாமல் உட்கார முப்பது வெள்ளி.
கோலப்பிலாவில் அவருடைய பஸ்
அசையாமல் நின்றுவிட்டதாம்.

பழங்களை வரையலாம் என்றேன்.
"போன வாரமும் வாழைப்பழம்தானே டீச்சர்"
என்றார் கிளினிக் தாதி மெய்யரசி.
ஆகவே நானே உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம்.
ஐந்தாவதில் முதுகு அரித்தது.
எட்டாவதில் என் கைகளை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோனது.
ஸ்டீபன் அண்ணன் பென்சிலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருக்கிறார்.
மிஸஸ் லாவ் என்னைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் பார்க்கிறார்.
சொல்ல வாய் துடித்தது.
மாடல் பேசக்கூடாது என்பது
நான் போட்ட சட்டம்.

சுவருக்கு அப்பால் உறுமி எழுந்தது.
யாரும் பென்சில் சீவவில்லை.
நடுங்க நடுங்க வரைந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு சுற்றிவந்து பார்த்தேன்.
மெய்யரசி என் கழுத்து நரம்பை
ஊசி போட இடம் தேடியவர்போல் தெளிவாகப் போட்டிருந்தார்.
மிஸஸ் லாவ் முடியை மட்டும்.
"சாயம் பூசணும். கடைக்கு வா, விலை குறைச்சுத் தர்றேன்."
ஸ்டீபன் அண்ணனுக்கு நாற்காலி
மிக நன்றாக வந்திருந்தது.

தீபக் தாமாங்,
தோட்டத்தில் குலை வெட்டுபவன்,
விரல் நுனிகளில் முள் தைத்த கறுப்புப் புள்ளிகளோடு
தாளைத் திருப்பிக் காட்டினான்.
முகம் இல்லை. உடம்பு இல்லை.
என் வலது கை மட்டும்
முழங்காலைக் கவிந்தபடி.
ஆட்காட்டி விரல் ஓர் அரிசிமணி உயரம் தூக்கி,
கணினி எலியைச் சொடுக்கத் தயாராக.

நாலு வருடமாய் எனக்கென்று
ஒரு படமும் வரையாத கை.

"தப்பா, சிக்கு?"
அழிரப்பரை எடுத்தான்.
வேண்டாம் என்றேன்.
கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் தடிமன் என்றேன்,
வேறு எதையாவது சொல்ல வேண்டுமே.

பூட்டும் நேரம்
ஸெத்தெம் ஜன்னல் வழியே
மூன்று சிவப்புத் தாள்களைத் தள்ளினான் குணாளன்.
"மாடல் காசு. கையெழுத்துப் போடு."
போட்டேன்.
வெளியே மழை விட்டிருந்தது,
அவன் லோரியில் ஒட்டிய பழச்சாறு புளித்து மணத்தது.

மறுநாள் காலை முதல் முகம்,
ஜெமந்தா பக்கத்துத் தோட்டத்து மண்டோர்.
கண்ணுக்குக் கீழே கறுப்பு.
எடுத்தேன்.
பதினெட்டு நிமிடம் ஆனது.